வேந்தன் வேம்பும் மனை வேம்பும்: ஒரு மரத்தின் புனிதம் பற்றிய சில சிந்தனைகள்

மரஞ்செடிகளுக்கும் மலர்களுக்கும் ஏற்றப்பட்டுள்ள தெய்விகப் பொருளை ஆராய்வோர் நம்மிடையே இருவகைப்படுவர். வேம்பிலே அன்னை உறைகிறாள் என்று கூறி அமைபவர் ஒரு சாரார். அம்மரத்தின் நோய்தடுக்கும் ஆற்றலை முன்னோர் அறிந்திருந்தமையாலேயே அதனைப் புனிதமாக்கினர் எனப் பெருமிதங் கொள்பவர் மறு சாரார். முன்னவர் பக்தியையும் பின்னவர் விஞ்ஞானத்தையும் துணைக்கழைப்பினும், வேம்பினை ஒடித்தவர் யார், எவருக்காக, எந்நிலையில் ஒடித்தனர் என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. பழந்தமிழ் இலக்கியச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு அவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியப் புறத்திணையியல் போந்தை, வேம்பு, ஆர் ஆகிய மூன்றையும் மூவேந்தர்தம் தானையினர் சூடும் பூக்களாகக் குறிப்பிடுகிறது. பகைகொண்ட வேந்தரிடையே இன்னார் இன்னவர் என வேறுபாடு தெரிதற்பொருட்டே அவை சூடப்பட்டன. பாண்டியனுக்குரியது வேம்பு, ‘வேம்பன்’ என்ற பெயரும் அவனுக்கு அதனாலேயே வாய்த்தது. இங்கு வேம்பு அதிகாரத்தின் அடையாளம். யாருடைய ஆணைக்குட்பட்டு ஒருவன் கொல்கிறான், மடிகிறான் என்பதை அது அறிவிக்கிறது.

இதற்கு முற்றிலும் வேறான வேம்பு ஒன்று புறநானூற்றில் உண்டு. அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாடலில், விழுப்புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கப் பெண்ணொருத்தி தன் தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவமும் வேம்பும் செருக வேண்டும். யாழும் பிற கருவிகளும் இசைக்க வேண்டும். ஐயவி சிதறி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்ப வேண்டும் என்கிறாள். பாடலின் இறுதியிலேதான் அப்புண்ணின் வரலாறு வெளிப்படுகிறது. அது வேந்தனுக்கு நேர்ந்த இடரைத் தான் தாங்கியவனின் புண். 296ஆம் பாடலோ ஊர் முழுவதையும் நம்முன் நிறுத்துகிறது. எல்லா வீடுகளிலும் வேப்பங்கிளை ஒடிக்கும் ஆரவாரம்; ஒருவனது தேர் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இப்பாடல்களில் வேம்பு தனித்து நிற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. வேம்பை மட்டும் பிரித்தெடுத்து மருத்துவ அறிவு என்போர், மணியோசையையும் காஞ்சிப் பண்ணையும் என்னென்பர்? சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பினைப் பிரித்தெடுத்தமை வேதியியலின் சாதனை. அதனை அரிசில் கிழார் காலத்துப் பெண்ணின்மீது ஏற்றுதல் வரலாற்று நோக்காகாது. அவளிடம் இருந்தது புண்பட்டவனைச் சாகவிடலாகாது என்ற தவிப்பு. கைக்கெட்டிய அனைத்தையும் அத்தவிப்பு திரட்டிக்கொண்டது.

இவ்விரு வேம்புகளும் சந்திக்கும் இடம் நக்கீரரின் நெடுநல்வாடை. வாடைவீசும் நள்ளிரவில், வேம்பு கட்டிய வேலுடன் முன்செல்பவன் புண்பட்ட வீரரை முறைமுறையாகக் காட்ட, அரசன் பாசறையில் உலவுகிறான். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூவாதலால் தலைவன் இன்னானெனச் சுட்டப்பட்டுவிட்டதென்றும், ஆகவே இப்பாட்டு அகமாகாதென்றும் நச்சினார்க்கினியர் கொண்டார். இலக்கண நோக்கில் அது ஏற்புடைத்தே. எனினும், வேம்பில் வேந்தனை மட்டுமே கண்ட உரைமரபு, அது புண்பட்டோர் நடுவே செல்வதன் பொருளைப் பொருட்படுத்தவில்லை. தம் வீட்டில் வேம்பு செருகக் காத்திருந்த பெண்களை அவ்வீரர் அவ்விலையிற் கண்டிருத்தலும் கூடுமன்றோ?

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. கண்ணகியின் சினத்தால் பாண்டிநாட்டில் மழை பொய்த்து, வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன. வெற்றிவேற் செழியன் செய்த பரிகாரம் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்ற களவேள்வி. பிழை செய்தது அரசு. உயிர் கொடுத்தது உழைக்கும் கைவினைஞர் குலம். வீட்டார் கிளையொடிக்கும் நோய்நிலையில், வேம்பன் வழிவந்தவன் தலைகொய்கிறான். இரண்டும் ‘சடங்கு’ என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுவது ஆய்வின் குறைபாடேயாகும்.

அக்கட்டுரை இலங்கைக் கயவாகுவும் கண்ணகிக்குக் கோட்டம் அமைத்தமையைக் கூறும். மட்டக்களப்புப் பகுதியில் அவ்வழிபாடு இன்றும் நிலவுகிறது. அன்னையின் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்தியே அங்கு வைகாசிச் சடங்கின் உச்சம். வடபுலத்திலும் கிழக்கிலும் கொப்புளிப்பான் கண்ட வீட்டில் ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்று கூறி வேப்பிலை செருகுவதை நாமெல்லாம் அறிவோம். பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனை ஒழித்தது அம்மைகுத்தலேயன்றி வேப்பிலையன்று. இதனை மழுப்புவது முற்போக்காகாது. ஆயின், மருந்தற்ற காலத்தில் நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்த பெண்களின் உழைப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் முற்போக்காகாது.

பாண்டியர் அரசு மறைந்தது. அவர்தம் வேம்பு நூல்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. வீட்டில் செருகிய வேம்பு இன்றும் செருகப்படுகிறது. மரங்களின் புனிதம் பற்றி நாட்டார் வழக்காற்றினைத் தொகுக்க முனைவோர், எந்த இலை எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று பட்டியலிடுவதோடு நின்றுவிடாது, அவ்விலையைக் கொண்டுவந்தவர் யார், யாருடைய படுக்கையருகே அது வைக்கப்பட்டது என்பதையும் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும். அப்போதுதான் அத்தொகுப்புகள் மக்களின் வரலாறாகும்.