பழைய மகிழுந்துகளில் இருக்கையும் இருக்கைப் பட்டையும்

பழைய மகிழுந்துகளில் இருக்கைப் பாதுகாப்பு என்பது, இருக்கைப் பட்டை கட்டாயமாவதற்கு முன்னர் தயாரிக்கப்பட்ட மகிழுந்துகளில் பயணம் செய்வோருக்கு உள்ள காப்பையும் அதன் குறைகளையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இப்பட்டை சீட் பெல்ட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இவ்வகை வண்டிகளுள் பரவலாக அறியப்பட்டவை. திண்டுக்கல் போன்ற நகரங்களில் இவை ஊர்வலத்திற்கும் கண்காட்சிக்கும் மட்டும் உரியவை அல்ல. திருமணத்திற்கும் கோயில் பயணத்திற்கும் குடும்பத்தோடு ஏறிச் செல்லும் வண்டிகளாகவும் உள்ளன. எனவே இவற்றின் இருக்கையைப் பற்றிய ஆய்வு, பழம்பொருள் ஆர்வத்தோடு நின்றுவிடாமல் உயிர்க்காப்பைப் பற்றியதாகவும் ஆகிறது.

பின்னணி

அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியின் வழி வந்தது. 1974 முதல் அப்பெயரில் மும்பையில் தயாரிக்கப்பட்டது. ஹெரால்டு சென்னையில் உருவானது.

இன்று எல்லா மகிழுந்துகளிலும் காணப்படும் மும்முனை இருக்கைப் பட்டையை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது. ஆனால் அம்பாசடரின் மூல வடிவம் அதற்கு முன்பே உருவாகிவிட்டது. ஆகவே அதன் தளத்திலோ கதவுகளுக்கு இடையிலுள்ள நடுத்தூணிலோ தோள்பட்டையின் இழுவிசையைத் தாங்கும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லை. இதனை வடிவமைத்தவரின் கவனக்குறைவு என்று கூறுவது பொருந்தாது. அது அக்காலத்து அறிவின் எல்லை. அந்த எல்லையை அறிந்த பின்னும் அப்படியே பயணம் செய்வதுதான் இக்காலத்தின் குறை.

இருக்கையின் அமைப்பு

பழைய அம்பாசடரின் முன்னிருக்கை ஒரே நீளப் பலகை போன்றது. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் ஓட்டுநருக்கு அருகில் இருவர் அமர முடிந்தது. குடும்பங்கள் இவ்வண்டியை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இவ்வமைப்பில் நான்கு குறைகள் உள்ளன.

முதலாவது, நடுவில் அமர்பவருக்குத் தனி இடமோ பிடிமானமோ இல்லை. இரண்டாவது, இருக்கையின் முதுகுப்பகுதி தோளளவில் முடிந்துவிடுகிறது. தலையைத் தாங்கும் பகுதி இல்லாததால், பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் கழுத்து பின்னோக்கி மடங்கிக் காயமடைகிறது. மூன்றாவது, ஆண்டுகள் கடந்த சுருள்வில்லும் நாரும் தளர்ந்து இருக்கை குழிந்துவிடுகிறது. அத்தகைய இருக்கையில் இடுப்புப் பட்டை அணிந்தாலும் உடல் அதன் அடியில் வழுக்கிச் செல்லும். இடுப்பு எலும்பில் தங்க வேண்டிய பட்டை அப்போது வயிற்றை அழுத்தும். நான்காவது, இருகதவு வண்டிகளில் பின்னால் ஏறுவதற்காக முன்னிருக்கை முன்னோக்கி மடங்குகிறது. அதற்குப் பூட்டு இல்லையெனில் மோதலின்போது இருக்கையே அமர்ந்திருப்பவரின் முதுகைத் தள்ளும்.

கனமான வண்டி என்ற நம்பிக்கை

"அந்தக் காலத்து இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்ற சொல் பழைய வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுவது. வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு அவ்வாறு அன்று. நியூட்டனின் முதல் விதிப்படி, வண்டி நின்றாலும் அதிலுள்ளவர் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடையும் வேகமும் இதுவே. பட்டை அணியாதவர் முகப்புப் பலகையில் மோதி 10 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், அவர் உடல் மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு விசை செயல்படும். வண்டியின் முன்பகுதி நசுங்கி, பட்டையும் சற்று நீண்டு கொடுத்து, அவரை 50 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்தினால் அவ்விசை 20 மடங்காகக் குறைகிறது. புதிய மகிழுந்தின் முன்பகுதி எளிதில் நசுங்குவதைக் கண்டு 'தகரம்' என்று இகழ்வதுண்டு. அந்த நசுங்கலே உள்ளிருப்போருக்கு நிற்கும் தொலைவைத் தருகிறது. பழைய வண்டியின் முன்பகுதி இவ்வாறு திட்டமிட்டு நசுங்கும்படி வடிவமைக்கப்படாததால், அதில் பட்டையின் தேவை மேலும் அதிகமாகிறது.

மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் வழக்கத்திற்கும் இக்கணக்குப் பொருந்தும். 20 மடங்கு விசையில் 10 கிலோ எடையுள்ள குழந்தை 200 கிலோ எடையுடையதுபோல் கையை இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அன்பு குறைவதால் குழந்தை கைநழுவுவதில்லை, விசை மிகுவதால் நழுவுகிறது.

சட்டத்தின் நிலை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993இல் திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி 1994 மார்ச் முதல் தயாரிக்கப்படும் மகிழுந்துகளில் ஓட்டுநருக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் பட்டை பொருத்துவது கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கான கட்டாயம் அதன் பின்னரே வந்தது. பட்டை அணிவதைப் பற்றிய 138ஆம் விதி, பட்டை பொருத்தப்பட்ட வண்டிகளுக்கே அக்கடமையைக் கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பட்டை அணியாமைக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

2021இல் பாரம்பரிய வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை 20,000 ரூபாய் கட்டணத்தில் இவ்வகையில் பதிவு செய்யலாம். இவ்வாறு பதிவான வண்டிகளை அன்றாடப் போக்குவரத்திற்கும் வணிகத்திற்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாம்.

இவ்விரு விதிகளுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. 1980களில் பதிவான ஓர் அம்பாசடர் 50 ஆண்டுகளை எட்டவில்லை. எனவே அதற்குப் பாரம்பரிய வாகனக் கட்டுப்பாடு இல்லை. அது 1994க்கு முந்தியது. எனவே பட்டைக் கட்டாயமும் இல்லை. குறைவாக ஓடும் வண்டிக்குக் கட்டுப்பாடும், ஆட்களை நிறைத்துக்கொண்டு ஓடும் வண்டிக்கு விலக்கும் கிடைக்கிறது. அவ்வண்டி இன்று செல்வதோ அன்றைய சாலையில் அன்று. வேடசந்தூர், திண்டுக்கல், அம்மையநாயக்கனூர் வழியாக மதுரைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 நான்கு வழிச்சாலை. இத்தகைய சாலைகளில் மகிழுந்துகளுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரை நடுவண் அரசின் வேக வரம்பு இடமளிக்கிறது.

பிரித்தானியாவிலும் பட்டையின்றித் தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆயினும் அவற்றில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஏற்றக் கூடாது. மூன்று வயதைக் கடந்த சிறுவர்கள் பின்னிருக்கையில் மட்டுமே அமரலாம். வண்டியின் பழமைக்கு விலக்கு அளித்தாலும் குழந்தையின் உயிருக்கு விலக்கு அளிக்காத இந்த அணுகுமுறை இந்தியாவிலும் பின்பற்றத் தக்கது.

பட்டை பொருத்துதல்

பழைய வண்டியில் பட்டை பொருத்த முடியாது என்பது சரியன்று. ஆனால் பொருத்தும் முறை முக்கியமானது. மெல்லிய தகரத்தில் துளையிட்டு ஆணியை முறுக்கினால், மோதலில் தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஆணி வெளியே வந்துவிடும். தளத்தின் அடியில் கனமான எஃகுத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். துருப்பிடித்த தளமாயின் முதலில் அதனைச் சீரமைக்க வேண்டும். தோள்பட்டையின் மேல்முனை தோளளவுக்குக் கீழே அமைந்தால் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். பட்டையை இருக்கையின் சட்டத்தில் கட்டுவதும் தவறு. பழைய இருக்கையே பெயர்ந்துவிடக்கூடும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பட்டையும் ஏற்றதன்று. வெயிலில் இழை நலிந்திருக்கும். முன்பு விபத்தில் இழுபட்டும் இருக்கலாம்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். நல்ல பூட்டு உரியவருக்கு எளிதில் திறக்க வேண்டும், பிறருக்கு அசையக் கூடாது. இருக்கைப் பட்டையின் பூட்டும் மோதலில் அசையாமல் நிற்க வேண்டும், மோதலுக்குப் பின் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். அழகுக்காக இவ்விரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க முடியாது.

மதிப்பீடு

பழைய வண்டியைப் போற்றுவோர், பட்டை பொருத்தினால் மூல வடிவம் கெடும் என்கின்றனர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. 2021ஆம் ஆண்டு விதியும் அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்கிறது. பாதுகாப்புக்கான பட்டையைத் தனியே குறிப்பிடவில்லை. முறையாகப் பொருத்திய பட்டை மூல வடிவத்தைக் கெடுக்காது என ஒரு வரி சேர்த்தால் உரிமையாளரின் தயக்கம் நீங்கும்.

கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு மூல வடிவம் போதும். சாலையில் ஆட்களை ஏற்றும் வண்டிக்கு அது போதாது. தனியார் மகிழுந்துகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி ஆய்வுடன் புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஆய்வின்போதே பட்டையையும் இருக்கையின் பிடிமானத்தையும் சோதிப்பது எளிய வழி. அதுவரை பட்டையில்லாத வண்டியின் முன்னிருக்கையில் சிறுவர்களை அமர்த்தாமலிருப்பதும், நெடுஞ்சாலையைத் தவிர்த்து மெதுவாகச் செல்வதும், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாமலிருப்பதும் உரிமையாளரின் கையில் உள்ளவை. தாத்தா காலத்து வண்டியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் குடும்பம் முதலில் செய்ய வேண்டிய செலவு வண்ணப்பூச்சு அன்று. பட்டையும் அதைத் தாங்கும் தகடும் ஆகும்.