புயலில்லாத நாட்கள்

பொருள் தேடிப் பிரிகிறவனைப் பற்றித் தமிழ்க் கவிதை இரண்டாயிரம் வருஷமாகப் பேசி வந்திருக்கிறது. 'பொருள்வயிற் பிரிவு' என்று இலக்கணமே அதற்குப் பெயர் சூட்டி வைத்திருக்கிறது. ஆனால் பேச்சு முழுவதும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. போகுமுன் அவன் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். போன பின் அவள் நாள் எண்ணுகிறாள். நடுவே வெயில் காயும் வழி. வழி முடிந்த இடத்தில் அவன் எங்கே படுத்தான், என்ன தின்றான், வேலை ஓய்ந்த பொழுதை என்ன செய்தான் என்பதெல்லாம் கவிதைக்குப் புறம்பு. பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் துறையையும் பண்டசாலையையும் கடைத்தெருவையும் அத்தனை விஸ்தாரமாகச் சொல்லும் அந்தப் பாட்டின் முடிச்சு, அந்தப் பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்பதுதான். துறைமுகத்தைப் பற்றிய நமது ஆகச் சிறந்த கவிதை போக மறுத்தவனுடைய கவிதை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அகத்திணைக்கு அதன் விதி. ஆனால் அந்த விதி எதுவும் கட்டுப்படுத்தாத உரைநடை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நாம் அதே வாசற்படியில்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதுதான் விசாரிக்க வேண்டிய சங்கதி. தோட்டக் கூலியாகப் போனவனின் துயரத்தை எழுத 'துன்பக்கேணி' வந்தது. கணக்குப் புத்தகத்தோடு போனவன் துயரப்படுகிறவனாகத் தெரியவில்லை; ஆகவே எழுதப்படவும் இல்லை. துயரம்தான் இலக்கியம் என்ற ஒரு சோம்பேறித்தனம் நம்மிடம் உண்டு.

இத்தனைக்கும் பொருள்வயிற் பிரிவின் மாபெரும் நிஜ நிகழ்ச்சி நம் கண்ணெதிரே, செட்டிநாட்டில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் யுத்தம் வரைக்கும் அந்த ஊர்களின் ஆண்கள் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன், சுமத்ரா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்குள்ள வங்கி விசாரணைக் கமிட்டி கணக்கிட்டது. கடை என்றால் பருப்பும் புளியும் விற்கிற கடை அல்ல. கொடுக்கல் வாங்கல் கடை. சொந்தப் பணத்தோடு போனவர்கள் கொஞ்சம். ஏஜெண்டாக, அடுத்தாளாக, பெட்டியடிப் பையனாகச் சம்பளத்துக்குப் போனவர்கள் அதிகம். சுற்றுவட்டாரத்தின் பிற சாதிப் பையன்களும் அவர்களில் உண்டு. வழக்கமான தவணை மூன்று வருஷம். முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து சில காலம், மறுபடி கப்பல். மனைவி ஊரில். கல்யாணமாகியும் வாழ்நாளின் பெரும்பாகத்தைத் தனியாளாகவே கழித்த ஒரு தலைமுறை அல்ல, பல தலைமுறைகள்.

அவர்கள் இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்து பிற்பாடு இடிக்கப்பட்டுவிட்ட கிட்டங்கிகளின் அமைப்பு இது: நீண்ட ஒற்றைக் கூடம். ஓரங்களில் ஆளுக்கொரு பெட்டி. பகலில் பெட்டிக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு வியாபாரம். இரவில் அதே தரையில் படுக்கை. சமையல் பொது. ஒருவன் தொழில் செய்த இடமும் உறங்கிய இடமும் சில முழங்களுக்குள். அவன் எழுதிய எழுத்து பேரேட்டில் இருந்தது. அதன் சாரமான ஐந்தொகை முதலாளிக்கு ஊருக்குப் போய்ச் சேரும். காலணா பிசகினாலும் கேள்வி வரும். ஆனால் விளக்கு வைத்த பிறகு அந்த மனிதன் இருந்தானா, எப்படி இருந்தான் என்பதற்கு அதில் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

பொருட்கள் மிஞ்சியிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குகள், பர்மா அரக்குப் பெட்டிகள், தேக்கு நிலைகளிலிருந்து பெயர்த்த சித்திரத் துண்டுகள். இவையெல்லாம் வீட்டுக்காக வாங்கியவை; மகளின் சீருக்கும் பெயரன் வாழப்போகும் முகப்புக்குமாக. கானாடுகாத்தானில் இன்று சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன. கிட்டங்கித் தரையில் பாய் விரித்துப் படுத்தவன் அனுப்பிய பணத்தில் எழுந்த கூடத்தில், ஒரு ராத்திரி படுப்பதற்காக வெளியூர்க்காரன் பணம் கொடுக்கிறான். வீட்டைப் பற்றிப் படப் புத்தகங்கள் வருகின்றன. பாயைப் பற்றி ஒன்றும் வரவில்லை. தனக்கென்று அவன் அனுபவித்தது எதுவும் பொருளாக மிஞ்சக்கூடியதாக இல்லை. வெற்றிலை, எண்ணெய்க் குளியல், கப்பல் தபாலில் வந்த கடிதத்தை இரண்டாந்தரம் படிப்பது, பேச ஒரு ஊர்க்காரன், கடற்கரைக் காற்று. முதலாளியின் பணமெல்லாம் முழு நோட்டு என்றால் இவை சில்லறை. ஆனால் அவனுக்குச் சொந்தமானது அந்தச் சில்லறை மட்டும்தான். நாவல் என்று ஒரு வடிவம் தமிழுக்கு ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், பேரேடு விட்டுவிட்ட இந்தச் சில்லறைக்குக் கணக்கு எழுத என்று சொல்லலாம்.

அப்படி எழுத உட்கார்ந்த ஒரே ஆள் ப. சிங்காரம். செட்டியார் அல்ல; ஆனால் செட்டிநாட்டின் விளிம்பில் உள்ள சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு, அவ்வூர்க்காரர் ஒருவரின் கடைக்கு வேலைக்குப் போனார். அங்கேயே மணம், பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். யுத்தம் முடிந்து 1946இல் திரும்பினார். மதுரையில் 'தினத்தந்தி'யில் நீண்ட கால உத்தியோகம்; ஒய்.எம்.சி.ஏ. அறை ஒன்றில் தனி வாழ்க்கை, 1997இல் மரணம். இரண்டு நாவல்கள்: 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. முன்னதற்குக் 'கலைமகள்' பரிசு கிடைத்தது. பின்னது எழுதி முடிந்து ஏறக்குறையப் பத்தாண்டு காத்திருந்து 1972இல் அச்சேறியது.

'கடலுக்கு அப்பால்' நாவலைக் காதல் கதை என்று படிப்பவர்கள் அதன் கூர்மையைத் தவறவிடுகிறார்கள். வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, தன் கடை ஆள் செல்லையாவுக்கு மகளைக் கொடுப்பதாக இருந்தவர், அவன் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்த் திரும்பியபின் மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு ஒத்துவராது என்பது அவருடைய தீர்மானம். இது கொடுமைக்காரத் தகப்பனின் குரல் அல்ல. கடன்காரனின் முகத்தைப் பார்த்து அவன் திருப்பித் தருவானா என்று தீர்மானிக்கிற அதே தொழிற்புத்தி மருமகனின் முகத்தையும் பார்க்கிறது. மனிதனைப் பெயர் சொல்லாமல் முதலெழுத்துகளைச் சேர்த்து விலாசமாக அழைக்கிற உலகம் அது. வயிரமுத்துப் பிள்ளையே 'வானாயீனா'தான். அந்த உலகத்தில் ஆசை என்பது கணக்கில் ஏறாத இனம். இதைக் கண்டனமாகச் சொல்லாமல், அந்தப் புத்தியின் நியாயத்தையும் உள்ளிருந்து காட்டியது சிங்காரத்தின் சாதனை.

'புயலிலே ஒரு தோணி' வேறு தளம். யுத்த நாவல், சாகச நாவல், தமிழின் முதல் உலக நாவல் என்றெல்லாம் புகழப்பட்டுவிட்டது. புகழ்கிறவர்கள் எடுத்துக்காட்டுவது ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதை, தொங்கானில் பினாங்குக்குப் போகையில் அடிக்கும் புயலை, ராணுவ முகாமின் சதிகளை. எனக்கு மறுபடி மறுபடி படிக்கத் தோன்றுவது இவற்றுக்கு இடையில் ஒன்றும் நடக்காத பக்கங்கள். பாண்டியன் தெருவில் நடக்கிறான். உட்கார்ந்து குடிக்கிறான். சிநேகிதர்களோடு தமிழரின் பழம்பெருமையைப் பிரித்துப்போட்டு நையாண்டி செய்கிறான். படுத்தபடி மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக மனதில் நடந்து பார்க்கிறான். சின்னமங்கலத்துச் சந்தையை ஆளாளாக, கடைகடையாக அடுக்குகிறான். மலாயும் டச்சும் லேவாதேவிக் கடைப் பேச்சும் பண்டிதத் தமிழும் ஒரே வாக்கியத்தில் உரசிக்கொள்ளும் அந்த நடை, ஒருவன் தனியாக இருக்கையில் அவனுக்குள் ஓடும் பேச்சின் நடை.

ஊர் நினைவு என்றதும் ஏக்கம் என்று எழுதிவிடுவது நமது விமர்சனப் பழக்கம். பாண்டியனின் நினைவு ஏக்கம் அல்ல. ஏக்கத்தில் ஊர் மங்கலாகி அழகாகும். இங்கே ஊர் பேரேட்டைப் போல் இனவாரியாக, விலைவாசியோடும் வசவோடும் நாற்றத்தோடும் வருகிறது. பகலில் முதலாளிக்காகப் பற்று வரவு எழுதப் பழகிய மூளை ராத்திரியில் தனக்காக எழுதிக்கொள்ளும் கணக்கு அது. சுகம் அந்த அடுக்கலில் இருக்கிறது. தனியாளின் இன்பம் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான்: யாருக்கும் பயன்படாத துல்லியம். இதை இத்தனை நிச்சயத்தோடு பிடித்த வேறொரு தமிழ் எழுத்தைக் காணோம்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. சிங்காரம் பக்தர்கள் அதைச் சொல்வதில்லை. பாண்டியனைக் கடையிலிருந்து விடுவிப்பது யுத்தம். ராணுவத்தில் சேர்கிறான், கொல்கிறான், கடைசியில் ஊருக்குத் திரும்பாமலே சாகிறான். பெட்டியடியில் உட்கார்ந்த ஆயிரம் பேரில் ஒருவனுக்குக் கிடைத்த வாசல் இது. மற்றவர்களுக்கு யுத்தம் வராத வருஷங்களும் இருந்தன. மூன்று வருஷம் முடிந்து மறுபடி மூன்று வருஷம். அந்தத் திரும்பத்திரும்ப வருதலை நாவல் தாங்கிக்கொள்ளவில்லை. சில்லறை இன்பத்தின் மதிப்பை அறிந்தவர், அதை மட்டும் வைத்து ஒரு நாவலைக் கட்ட முடியும் என்று நம்பவில்லை. நாயகனுக்குக் கையில் ஒரு துப்பாக்கி வேண்டியிருந்தது. பெண்கள் விஷயத்திலும் இந்த நம்பிக்கைக் குறைவு தெரிகிறது. கடைத்தெருவையும் சந்தையையும் ஆள்விட்டு ஆள் பிரித்தறிகிற கண், பெண்ணிடம் வரும்போது பெரும்பாலும் உடம்போடு நின்றுவிடுகிறது. கிட்டங்கியின் பார்வை அப்படித்தான் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். நாவல் கிட்டங்கியைவிட அகலமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

புயல் ஓய்ந்தபின் என்ன என்பதற்குச் சிங்காரத்தின் வாழ்க்கையே பதில்போல் நீண்டு கிடக்கிறது. மதுரையில் ஓர் அறை, ஒரு பத்திரிகை உத்தியோகம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு. மெடானிலும் பினாங்கிலும் கழித்த எட்டு வருஷத்திலிருந்து இரண்டு நாவல்கள் வந்தன. அந்த ஐம்பது வருஷத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வராததற்கு நாம் அவரைப் படிக்காததும் பதிப்பிக்காததும் காரணம் என்று மார்பில் அடித்துக்கொள்வது எளிது; அதில் உண்மையும் உண்டு. ஆனால் தானே வாழ்ந்துகொண்டிருந்த புயலில்லாத நாட்களை எழுதத்தக்க விஷயமாக அவர் எண்ணவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். அப்படி எண்ண முடியாத இலக்கியச் சூழலை உண்டாக்கியவர்கள் வெகுஜனப் பத்திரிகைக்காரர்கள் மட்டும் அல்ல. தீவிரம், நெருக்கடி, எல்லை அநுபவம் என்று முழங்கிக்கொண்டிருந்த நாமும்தான்.

இன்றைக்குக் காரைக்குடி லாட்ஜுகளில் ராத்தங்குகிறவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, உரம் விற்கிறவன், இயந்திரம் பழுதுபார்க்க வந்தவன். தவணை மூன்று வருஷமல்ல, மூன்று நாள். கையில் பேசி, மனைவியின் முகத்தைத் தினமும் பார்க்கிறான். ஆனாலும் படியை மிச்சம் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, அறைக்குத் திரும்ப மனமில்லாமல், தெரியாத ஊரின் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும் அரைமணி நேரம் அவனுக்கும் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பும் தினசரி அறிக்கையில் அந்த அரைமணிக்குக் கட்டம் கிடையாது. நமது கதைகளில் அவன் வந்தால் ஒன்று விபத்தில் சாகிறான், அல்லது பக்கத்து அறையில் ஒரு பெண் இருக்கிறாள்.

அவனைச் சாகடிக்காமல், பக்கத்து அறையைப் பூட்டிவைத்துவிட்டு, அந்த அரைமணியை எழுத ஒருவர் துணிய வேண்டும். சிங்காரம் பாதி வழி போனவர். மீதி வழியில் புயல் கிடையாது. அதனால்தான் அது கஷ்டம்.