ஒப்புதல் படிவத் தமிழ்: அச்சமும் ஐயமும்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் நோயாளியின் கையில் தரப்படும் ஒப்புதல் படிவம், தமிழ் மொழிபெயர்ப்பு உரைநடையில் ஒரு தனி வகையாகும். ஆட்சித்தமிழும் அறிவியல் தமிழும் பெற்றுள்ள ஆய்வுக் கவனத்தை இது பெற்றதாகக் கூறவியலாது. ஆயினும் இதனைப் படிப்பவர் மறுநாள் கண் விழிப்போமா என்னும் ஐயத்தோடு படிக்கிறார். இத்தகைய வாசகர் வேறெந்த உரைக்கும் வாய்ப்பதில்லை.

கலைச்சொற்கள் இங்குப் பெருந்தடையல்ல. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் கிறீனின் முயற்சியால் வெளிவந்த அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' எனப் பெயர் பெற்றது. இன்று எழுத்தில் 'அறுவை சிகிச்சை', பேச்சில் 'ஆபரேஷன்'; இரண்டும் எவருக்கும் விளங்கும். சிக்கல் வேற்றுமையிலும் வினையிலும் உள்ளது.

தமிழில் அச்சமும் அறிவும் நான்காம் வேற்றுமையில் நிகழ்கின்றன. 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'எனக்குத் தெரியாது', 'எனக்குப் புரியவில்லை' என்பனவற்றில் 'எனக்கு' என்பது அனுபவிப்போனைக் குறிக்கிறது. படிவங்களிலும் 'எனக்கு' உண்டு. ஆனால் 'எனக்கு விளக்கப்பட்டது', 'எனக்கு அறுவை சிகிச்சை செய்ய' என்று பெறுவோனாக மட்டுமே வருகிறது. புரிதல் என்று வரும்போதோ வாக்கியம் 'நான் புரிந்துகொண்டேன்' என எழுவாய்க்கு மாறிவிடுகிறது. 'புரிந்தது' என்பது நிகழ்வு. 'புரிந்துகொண்டேன்' என்பது செயல், எனவே பொறுப்பு. மற்றெல்லா இடத்தும் செயப்பாட்டு வினைக்குள் கிடக்கும் நோயாளி, பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் மட்டும் வினைமுதல் ஆக்கப்படுகிறார். 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. இசைதலுக்கும் குற்றத்தை ஏற்றலுக்கும் இதுவே சொல். 'சம்மதிக்கிறேன்' என்பதில் இந்நிழல் இல்லை.

இவற்றினும் முதன்மையானது '-லாம்' என்னும் விகுதி. மரத்துப்போதலும் வரலாம், உயிரிழப்பும் நேரிடலாம் என்று எழுதும்போது இரண்டும் ஒரே அளவின ஆகிவிடுகின்றன. 'வந்தாலும் வரும்', 'வருவது அரிது', 'பலருக்கு வரும், ஓரிரு நாளில் போய்விடும்' எனப் பேச்சுத் தமிழ் ஐயத்தை நுட்பமாக அளக்கிறது. இப்படிகள் மூல ஆங்கிலத்திலும் இல்லை என்பது மொழிபெயர்ப்பாளர்க்குச் சாக்காக முடியாது. அச்சம் மிகுவது ஆபத்தின் பெயரால் மட்டுமன்று. அதன் அளவு சொல்லப்படாமையாலும் ஆகும்.

'-லாம்' அனுமதியையும் குறிக்கும். எழுவாய் அஃறிணைப் பொருளாயின் நிகழ்தகவு, மக்களாயின் பெரும்பாலும் அனுமதி என்று சூழல் பிரித்துத் தரும். 'தேவைப்பட்டால் வேறு அறுவை சிகிச்சையும் செய்யப்படலாம்' என்னும் வாக்கியத்தில் அப்பிரிப்பு இயலாது. இது முன்னறிவிப்பா, நோயாளி தரும் அனுமதியா? 'தேவைப்பட்டால்' என்பதிலும் யாருக்கு என்பது தொக்கு நிற்கிறது. இது வெறும் இலக்கண வினா அன்று. நோயறிவதற்கான உட்காணல் அறுவைக்கு மட்டும் இசைந்த பெண் ஒருவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் இசைவு பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. அவர் கையொப்பமிட்ட படிவத்திலும் வயிற்றைத் திறக்க நேரலாம் என்னும் பொருளுடைய தொடர் இருந்தது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விசைவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தேவையாகி, நினைவு திரும்பும்வரை காத்திருத்தல் பொருந்தாத நிலைக்கு மட்டுமே அது விலக்களித்தது.

அவ்விலக்கைத் தமிழில் நேராகவே எழுதலாம்: 'நான் மயக்கத்தில் இருக்கும்போது என் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்து, நான் விழிக்கும்வரை காத்திருப்பது பொருந்தாவிட்டால், அவற்றைக் காக்க வேண்டியதை மருத்துவர் செய்ய அனுமதிக்கிறேன், வேறு எதையும் நான் விழித்தபின் என்னைக் கேட்டே செய்ய வேண்டும்.' வாக்கியம் நீள்கிறது. ஆனால் யார், எப்போது, எதன்பொருட்டு என்பன வெளிப்படுகின்றன. கையொப்பத்திற்கு மேலே 'எனக்குப் புரியாதவை' என்று தலைப்பிட்டு நான்கு வரி வெற்றிடம் விடுவதற்கு மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை.