பிலேமோன் நிருபம் காட்டும் நேர்மை

கடித இலக்கியம் என்றவுடன் மு.வ.வின் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ ஆகிய நூல்களே நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே, 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் வழியே பவுலின் நிருபங்கள் தமிழுக்கு வந்தன. அவற்றுள் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. 25 வசனங்களே கொண்டது.

சிறையிலிருந்த முதியவர் பவுலுக்கு ஒநேசிமு என்னும் அடிமை உற்ற துணையானான். அவனைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு விருப்பம், தேவையும் இருந்தது. எனினும் உரிமையாளரான பிலேமோனின் இசைவின்றி அதைச் செய்ய மனம் ஒப்பாமல், அவனைத் திருப்பி அனுப்புகிறார். கட்டளையிடும் தகுதி இருந்தும், அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டுகிறார். இக்கடிதத்தின் அழகு அந்தப் பணிவிலேயே உள்ளது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. பவுல் துறந்தது தம் வசதியை. திரும்பிச் செல்லும் இடரோ ஒநேசிமுவினுடையது. அவன் வாய்ச்சொல் ஒன்றும் கடிதத்தில் இல்லை. விடுதலையும் வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை. அதனாலேயே 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இதனையே சான்று காட்டினர்.

அவன் பட்ட கடன் இருப்பின் தாமே தீர்ப்பதாகப் பவுல் கைப்பட எழுதிய வரியே அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. மல்காஜ்கிரியில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு அவ்வரி நன்கு விளங்கும். தன் வசதியைத் துறத்தல் நேர்மையின் முதற்படி; அதன் சுமை எளியவன்மேல் விழாமல் தாங்குதலே அதன் நிறைவு.