ஒரு வருஷத்தின் விலை: இடம் தேடும் மாணவர்கள் மேடையிலும் திரையிலும்

ஆரணியில் பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்கினால்தான் கூலி. பாவு பிணைத்த நாளிலிருந்து சேலையை அறுக்கிற நாள்வரை வீட்டில் எத்தனை கைகள் உழைத்தாலும் கணக்கு சேலைக்குத்தான். நெய்பவர் ஒருவர், தார் சுற்ற ஒருவர், கோர்வைச் சேலையாக இருந்தால் மறுகரை நாடாவைத் தள்ள இன்னொருவர். அப்படிப்பட்ட வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண், "இந்தத் தடவ விட்டுடுச்சு, இன்னொரு வருஷம் படிச்சு எழுதிப் பாக்கறன்பா" என்று சொன்னால், அவள் கேட்பது என்ன என்று அப்பாவுக்கு உடனே புரியும். ஒரு வருஷம் ஒரு கை குறையும். பயிற்சி வகுப்புக்குப் பணமும் கட்ட வேண்டும்.

உயர்கல்வி இடத்துக்காகப் போராடும் கெட்டிக்கார மாணவர்களைப் பற்றி உலகெங்கும் நாடகங்களும் கதைகளும் படங்களும் வந்திருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் ஆசிரியரின் கதையாகவோ அறிவின் வெற்றியாகவோதான் பார்த்துப் பழகியிருக்கிறோம். நான் வேறொரு கேள்வியோடு அவற்றைப் பார்க்க விரும்புகிறேன். படிப்பதற்கான அந்தக் கூடுதல் காலத்தை அந்தப் பிள்ளைக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

எம்லின் வில்லியம்ஸ் எழுதி 1938இல் லண்டனில் மேடையேறிய 'தி கார்ன் இஸ் கிரீன்' இந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுக்கும் நாடகம். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றில் மிஸ் மொஃபாட் என்ற ஆசிரியை பள்ளி தொடங்குகிறார். சுரங்கத்தில் வேலை செய்யும் மோர்கன் எவன்ஸ் என்ற பையனை ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்கிறார். தேர்வில் வென்ற நேரத்தில், அவனால் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருப்பது தெரிகிறது. குழந்தையைத் தான் வளர்ப்பதாக மிஸ் மொஃபாட் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவன் ரயிலேற முடிகிறது. வில்லியம்ஸ் தன்னைப் படிக்க வைத்த சாரா கிரேஸ் குக் என்ற ஆசிரியையை மனத்தில் வைத்து எழுதியது இது. முதல் மேடையேற்றத்தில் மோர்கனாக நடித்தவரும் அவரே. நன்றியில் பிறந்த நாடகம் என்றாலும், ஒருவன் படிக்கப் போக இன்னொருவர் தன் வாழ்க்கையிலிருந்து பல ஆண்டுகளை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை.

இந்த வகையின் உச்சமாகப் பலரும் சொல்வது ஆலன் பென்னட்டின் 'தி ஹிஸ்டரி பாய்ஸ்'. 2004 மே மாதம் லண்டன் நேஷனல் தியேட்டரில் நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கத்தில் அரங்கேறியது. 2006இல் நியூயார்க் சென்று ஆறு டோனி விருதுகளைப் பெற்றது. அதே ஆண்டு படமாகவும் வந்தது. 1980களில் ஷெஃபீல்டு நகரத்துப் பள்ளியொன்றில் எட்டுப் பையன்கள். பள்ளி இறுதித் தேர்வை நன்றாக எழுதி முடித்தவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வுக்காக மேலும் ஒரு பருவம் பள்ளியிலேயே தங்குகிறார்கள். நாடகத்தின் பெரும்பகுதி அந்த ஒரு பருவத்துக்குள் நடக்கிறது.

அந்தப் பருவத்தை என்ன செய்வது என்பதில் இரண்டு ஆசிரியர்கள் மோதுகிறார்கள். ஹெக்டர் என்ற முதியவருக்குத் தேர்வு என்றாலே வெறுப்பு. வகுப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கவிதை சொல்ல வைக்கிறார், பழைய சினிமாக் காட்சிகளை நடிக்க வைக்கிறார். எப்போது பயன்படும் என்று தெரியாததைக் கற்பதுதான் கல்வி என்பது அவர் கட்சி. தலைமையாசிரியருக்குப் பள்ளியின் பெயர் உயர வேண்டும். அதற்காக இர்வின் என்ற இளைஞரைத் தற்காலிகமாக நியமிக்கிறார். இர்வின் கற்றுத்தருவது திருத்துபவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் வித்தை. எல்லோரும் சொல்வதற்கு மாறாக ஒன்றைச் சொல், அது உண்மையா என்பது பிறகு. ஒரு பருவத்தை ஹெக்டர் அள்ளி இறைக்கிறார், இர்வின் அளந்து செலவிடுகிறார். பையன்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள்.

லீட்ஸ் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மகனான பென்னட்டும் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தவர்தான். தேர்வில் தானும் இர்வினின் வித்தையையே கையாண்டதாக அவர் எழுதியிருக்கிறார். அதனால்தான் இர்வினை வில்லனாக்காமல் விடுகிறார். என் மனம் ஹெக்டர் பக்கம் சாய்ந்தாலும், வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இர்வினின் வித்தை தேவைப்படும் என்பதை மறுக்க மாட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த நாடகத்தில் எனக்கு ஒவ்வாத இடம் ஒன்று உண்டு. ஹெக்டர் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் பையன்களிடம் தகாத முறையில் கை வைக்கிறார். நாடகம் அதைக் கண்டித்தாலும் அவருடைய மற்றப் பெருமைகளுக்காக மன்னிக்கவும் பார்க்கிறது. நம் பள்ளிகளிலிருந்து வரும் புகார்களைப் படிக்கிற யாரும் அந்தச் சலுகையைத் தர முடியாது. இன்னொரு காட்சியோ மிகக் கூர்மை. எட்டுப் பேரில் படிப்பில் பின்தங்கியவனாகக் கருதப்படும் ரட்ஜுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. விளையாட்டு வீரன் என்பதோடு, அவன் அப்பா ஒருகாலத்தில் அந்தக் கல்லூரியிலேயே பணியாளாக இருந்தவர். தேர்வு என்ற அளவுகோலுக்குப் பின்னால் வேறு அளவுகோல்களும் வேலை செய்கின்றன என்பதைப் பென்னட் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுகிறார்.

ஆனால் அந்த எட்டு வீடுகள் மேடைக்கு வருவதே இல்லை. கூடுதல் பருவத்துக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்க முடிந்த வீடுகள் அவை என்பதோடு சரி.

அமெரிக்காவில் 1988இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' லாஸ் ஏஞ்சலிஸ் கார்ஃபீல்டு பள்ளியில் ஹைமே எஸ்கலாந்தே என்ற கணக்கு ஆசிரியரின் உண்மைக் கதை. 1982இல் அவருடைய ஏழை மாணவர்கள் 18 பேர் உயர்நிலை நுண்கணிதத் தேர்வில் தேற, 14 பேர் காப்பியடித்ததாகச் சந்தேகம் எழுந்தது. 12 பேர் திரும்ப எழுதினார்கள், எல்லோரும் தேறினார்கள். ஏழைப் பிள்ளை ஒரே இடத்துக்கு இரண்டு முறை தேர்வெழுத வேண்டியிருந்தது.

வட இந்தியக் கதைகளில் என் கேள்வி இன்னும் வெளிப்படையாக வருகிறது. பாட்னாவில் ஆனந்த் குமார் 2002இல் தொடங்கிய 'சூப்பர் 30' செய்வது, 30 ஏழை மாணவர்களுக்கு ஒரு வருஷம் சோறும் தங்க இடமும் பாடமும் இலவசமாகத் தருவது. கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் போக முடியாமல், அம்மா இட்ட அப்பளத்தை விற்றவர் அவர். 2019இல் இதே பெயரில் வந்த படம் இதைச் சண்டைக் காட்சிகளில் கொஞ்சம் கரைத்துவிட்டது. விது வினோத் சோப்ராவின் 'ட்வெல்த் ஃபெயில்' (2023) அப்படிக் கரைக்கவில்லை. சம்பல் பகுதிப் பையன் டெல்லியில் மாவு மில்லில் வேலை செய்துகொண்டே படிக்கிறான். அவன் புறப்படும்போது பாட்டி தன் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறாள். அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன்.

தமிழில் இந்தக் கதை மேடையில்தான் வலுவாகத் தொடங்கியது. கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' நாடகமாக நடந்து 1968இல் படமானது. பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே தங்கிக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து கல்லூரியில் படிக்கும் அனாதைப் பையன் மாது. நாகேஷ் அந்தப் பாத்திரத்தில் சிரிக்கவும் வைத்தார், தொண்டையை அடைக்கவும் வைத்தார். மாதுவுக்கு அறிவு குறைவில்லை, ஆசையும் குறைவில்லை. அவனுக்கென்று ஒரு மணி நேரம்தான் இல்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டியவன் எப்படிப் படிப்பான் என்பதைத் தமிழில் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படைப்பு அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் எண்ணம்.

உரைநடையில் இரா. நடராசனின் 'ஆயிஷா' தனியாக நிற்கிறது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் ஒரு மாணவி, அடி உறைக்காமலிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாகக் கதை அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த சிறுநூல் அது. பேராசிரியர் ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' கதையல்ல, ஆனாலும் வகுப்பறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நமக்குக் காட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019), 'வாத்தி' (2023) ஆகிய படங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நம்புகிற படங்கள், அதற்காக வணக்கம். மூன்றிலும் ஓர் ஆசிரியர் வந்து பள்ளியைத் தலைகீழாக மாற்றுகிறார். அவர் பேசுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தங்களுக்குள் வாதாடும், ஆசிரியரையே மறுத்துப் பேசும் ஷெஃபீல்டு எட்டுப் பேரைப் போன்ற ஒரு வகுப்பு நம் திரையில் இன்னும் உட்காரவில்லை.

இத்தனைக்கும் நம் மாநிலத்தின் நிஜம் எந்த நாடகத்தையும்விடக் கனமானது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் இயற்றிய சட்டத்தால் அது நீங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றானது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2017இல், மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா அந்த ஆண்டு 1200க்கு 1176 வாங்கியிருந்தார். மருத்துவத்துக்கான கட்ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் உறுதி. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம்வரை போனார். செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இந்தப் பொருளைப் பற்றி யாரும் எழுத முடியாது.

2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தந்த அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில், பள்ளி முடித்து மேலும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ காத்திருந்து எழுதியவர்கள் 2016–17இல் 12.47 விழுக்காடு, 2020–21இல் 71.42 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் காலத்துப் பள்ளி நாடகம் நடக்கிறது. இடம் கிடைப்பதற்குக் காத்திருப்பு கிட்டத்தட்ட ஒரு தகுதியாகிவிட்டது. காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் தந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பல தறிவீடுகளுக்கும் கூலிவீடுகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. அதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். நீட்டிலிருந்து விலக்கு கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியும் தேர்வு மட்டும் நீங்கவில்லை.

ஆரணிப் பக்கத்துக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. செய்யாறு, ஆரணி, திருவண்ணாமலை வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண். இங்கே விடிய விடிய ஆடும் 'கர்ண மோட்சம்' யாருடைய கதை? வித்தை இருந்தும் இடம் மறுக்கப்பட்டவனுடைய கதை. அரங்கேற்றக் களத்தில் கிருபர் குலம் கேட்கிறார். பிறப்பை மறைத்துப் பரசுராமரிடம் கற்றதைப் பரசுராமரே சாபத்தால் பிடுங்கிக்கொள்கிறார். கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லிக் குத்தும் தர்க்கத்துக்கு, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஜனமும் நிமிர்ந்து உட்காரும். இந்தப் பெயரிலேயே எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தில் முரளி மனோகர் எடுத்த குறும்படம் தேசிய விருது பெற்றது. பள்ளியில் ஆட நகரத்துக்கு வரும் கூத்துக் கலைஞர், பள்ளிக்கு விடுமுறை என்பதால் ஆட முடியாமல் தவிக்கிறார். கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கும் ஆசிரியரும் மாணவியும் அவர்கள்.

கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்தவர்கள் பிரெக்டையும் மார்க்வெஸையும் கூத்தாக்கிக் காட்டியிருக்கிறார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவையே தெரு நாடகமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. அடவும் ஆளும் மேடையும் நம்மிடம் இருக்கின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் நாடகத்துக்கு இடமும் இருக்கிறது. எழுதப்படாமல் கிடப்பது பிரதி மட்டும்.

அந்தப் பிரதியில் வர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். பென்னட் அவரை மேடைக்கு அழைக்கவில்லை, நம் ஆசிரியர் படங்களும் அழைக்கவில்லை. தம்பியோ தங்கையோ இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்று தறியில் உட்கார்ந்துகொண்ட அக்கா. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ நல்ல மார்க் வாங்கியவளாகவும் அவள் இருக்கலாம். அந்த ஒரு வருஷத்தை உண்மையில் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கலைத் திருவிழாவுக்குத் தலைவர் வேஷமும் மரம் நடும் நாடகமும் வேண்டாம். உங்கள் பிள்ளைகளையே இந்த நாடகத்தை எழுத வையுங்கள், பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரை வரவழைத்து அடவு கட்டுங்கள். அக்காவுக்கு நிறையப் பேச்சு கொடுங்கள்.