சுரண்டுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

“பெயின்ற் அடிக்க முதல் பழையதை அடியோடு சுரண்டி எடுத்துவிடுங்கோ.” யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் பழைய வீடு திருத்தத் தொடங்குகிறவருக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினரும் தொலைபேசியில் இதையே சொல்கிறார்கள். அவர்கள் வாழும் வீடுகளுக்கு அது பொருந்தும். ரொறன்ரோ வீடுகளில் உட்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை, அதன் முகம் தடித்த கடதாசி. அதன்மேல் ஒட்டிய பழைய அலங்காரத் தாளை வெந்நீர் தெளித்து, பசை ஊறும்வரை பொறுத்திருந்து, தகட்டால் மெல்ல உரிக்கிறார்கள். மிஞ்சிய பசையையும் கழுவித் துடைக்காவிட்டால் புதுப் பெயின்ற் வெடிக்கும். அவசரப்பட்டால் பலகையின் கடதாசியும் சேர்ந்து கிழியும். இவ்வளவு கவனம் வேண்டிய வேலை என்றாலும், அங்கே தாளையும் சுவரையும் பிரிக்க முடியும்.

கடலேரிக் கரையிலுள்ள நம் பழைய கல்வீடுகளில் அப்படிப் பிரிக்க முடியாது. சுண்ணக்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பே பூசி, பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளையடித்து வந்த சுவர்கள் அவை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகுகிறது. அடித்த வெள்ளை அடிப்பூச்சோடு ஒன்றாகிப் போகிறது. அதைச் சுரண்டும்போது சுவரின் தோலும் கூடவே வருகிறது.

சுரண்டுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பொடி உதிரும் வெள்ளையின் மேல் எமல்ஷன் பிடிக்காது. பெயின்ற் காய்ந்து இறுகும்போது, கீழே தளர்ந்து கிடக்கும் பொடிப் படையையும் இழுத்துக்கொண்டு ஏடு ஏடாகக் கழன்று விழும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தால் போதும். கை வெளுத்தால் அந்தப் படை போகத்தான் வேண்டும். விரல் மொழியால் தட்டும்போது பொள்ளென்று கேட்கிற இடத்தில் பூச்சையே உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். 1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, கூரை ஒழுகி நனைந்த வீடுகளில் இத்தகைய இடங்கள் ஏராளம். அங்கே சோம்பலில் மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போவது பணத்தை வீணாக்கும் வேலை.

ஆனால், கைக்கு ஒட்டாமல் கெட்டியாக இருக்கிற வெள்ளையையும் கல் தெரியும்வரை அராவி எடுப்பதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. பிறகு குழிகளைச் சீமெந்தால் நிரப்பி, புட்டி இழுத்து, மினுங்கும் எமல்ஷன் அடிக்கிறார்கள். கேடு இங்கேதான் தொடங்குகிறது. கொழும்புத்துறை நிலத்தடி ஈரத்தில் உப்பு உண்டு. பழைய சுவர் அந்த ஈரத்தை ஏற்றாலும் சுண்ணாம்பு வழியாக வெளியே விட்டுவிடும். சீமெந்தும் பிளாஸ்ரிக் தன்மையுள்ள பெயின்றும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்தில் பெயின்ற் கொப்புளித்து, அதற்குள் வெள்ளை உப்பு பூத்து நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். உடனே மேசனைக் கூப்பிட்டு இன்னும் உயரமாகச் சீமெந்து பூசுகிறார்கள். உவர் அதற்கும் மேலே ஏறுகிறது. பழி பெயின்ற் கம்பனிமேல் விழுகிறது!

காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு கட்டிய சீமெந்துக்கல் வீடுகளின் கதை வேறு. அவற்றில் தளர்ந்த பெயின்றைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்து, எமல்ஷன் அடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஒரே ஊரில் இருவகைச் சுவர்களும் நிற்க, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

இன்னொன்றையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய கதவு, யன்னல், அரைச்சுவர் எனாமல்களில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அந்தப் பழைய எனாமலை உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைப்பக்கம் விடக்கூடாது.

கல்வீடு வைத்திருப்பவர்கள் தளர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, மறுபடி சுண்ணாம்பே அடியுங்கள். நிறம் வேண்டுமென்றால் அதிலேயே கலக்கலாம். மேசன் தகட்டை எடுக்கும் முன், அந்தச் சுவர் எதனால் ஆனது என்று அவரிடம் கேளுங்கள்.