'விரக்தி': சொல்லும் பொருளும்

இன்றைய திறனாய்வுக் கட்டுரைகளில் தாராளமாக வழங்கும் சொற்களுள் 'விரக்தி'யும் ஒன்றாகும். வேலை கிடையாத இளைஞன், காதல் கைகூடாத பெண், கூலி உயர்வு மறுக்கப்பட்ட தொழிலாளி ஆகிய யாவரும் விரக்தியுற்ற பாத்திரங்களாகவே இனங்காணப்படுகின்றனர். இச்சொல் உண்மையில் எதனைச் சுட்டுகின்றது என்பது ஆராயற்பாலது.

வடமொழியில் 'ரக்தி' பற்றினைக் குறிக்கும். 'வி' எனும் முன்னொட்டு அதன் நீக்கத்தை உணர்த்தும். எனவே விரக்தி என்பது பற்றறுதியாம். சமய வழக்கில் அது ஒரு பேறு. உலக இன்பங்களின் நிலையாமையைத் தேர்ந்தோன் தானே முயன்று எய்தும் நிலை. இக்காலத் தமிழிலோ, விரும்பியது தடுக்கப்பட்டமையால் எழும் மனக்கசப்பையே அது பெரிதும் குறிக்கின்றது. முன்னையதில் ஆசை அவிந்துவிடுகின்றது. பின்னையதில் அது அவியாது நின்று வருத்துகின்றது. ஏறத்தாழ எதிரான இரு நிலைகளுக்கு ஒரே சொல் பெயராகியுள்ளது.

சொற்கள் பொருள் மாறுதல் மொழியியல்பே. அதனைக் குற்றமெனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின் பழம்பொருளின் நிழல் புதுப்பொருளிலும் படிந்துள்ளமை கருதத்தக்கது. 'அவன் விரக்தியடைந்தான்' எனும் வாக்கியத்தில் அடைந்தவன் மட்டுமே உளன், தடுத்தவர் இலர். 'அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது' என்றவுடன், மறுத்தவர் யார் என்ற வினா தானே எழும். இலங்கையில் 1970களில் தரப்படுத்தலால் பல்கலைக்கழக அனுமதியை இழந்த மாணவரைப் பற்றி 'இளைஞர் விரக்தி' என்று மட்டும் எழுதுமிடத்து, ஒரு கொள்கையின் விளைவு ஒரு தலைமுறையின் மனக்குறையாகச் சுருங்கிவிடுகின்றது. அம்மாணவர் கல்வியாசையைத் துறந்தவரல்லர்.

இழப்பையும் இழப்பித்தவரையும் சேர்த்துக் கூறும் மரபு தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 112ஆம் பாடல் கையறுநிலைத் துறையைச் சார்ந்தது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர், தம் துயரினூடேயும் அக்குன்றைக் கைக்கொண்ட வேந்தரைச் சுட்டத் தவறவில்லை.

எனவே ஒரு பாத்திரம் விரக்தியுற்றது என முடிவு கட்டுமுன், அதன் ஆசை அவிந்ததா தடுக்கப்பட்டதா என்பதையும், தடுக்கப்பட்டதெனின் எவரால், எதனால் என்பதையும் திறனாய்வாளர் வினவுதல் வேண்டும். நெடுங்காலத் தடை ஈற்றில் ஆசையையே அவித்துவிடுவதும் உண்டு. அவ்விடத்திலேயே இச்சொல்லின் இரு பொருள்களும் ஒருங்கே பொருந்துவனவாகும்.